ஊத்துக்கண்ணுக்கு களை எடுக்கிற ஆளுங்க: கேளுங்க, சொல்றேன்

டெக்சாஸ்ல சான் மார்க்கோஸ் ஊர்ல ஸ்பிரிங் லேக்னு ஒரு ஊத்து ஏரி இருக்கு, லீவு நாள்ல அங்க ஸ்கூபா போட்டுக்கிட்டு, அதாவது முதுகுல காத்து டேங்க்கை மாட்டிக்கிட்டு, உள்ள இறங்கி வாலண்டியரா வேலை பார்த்துட்டு வர்றேன்னு போன இதழ்ல ஓரமா நாலே நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இத்தனை கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. பாதிப்பேர் "ஃப்ரீயா டைவ் பண்ணலாமா"ன்னு கேட்டிருக்கீங்க, மீதிப்பேர் "உங்களுக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்டிருக்கீங்க. ரெண்டுமே நியாயமான கேள்விதான்.

கேள்வி: நான் ஆஸ்டின்ல இருக்கேன் சார். மூணு வருஷம் முன்னாடி மெக்சிகோல கோசுமெல் தீவு போனப்ப ஓப்பன் வாட்டர்னு ஸ்கூபாவோட ஆரம்ப சர்ட்டிஃபிகேட் வாங்கினேன், அப்புறம் டேங்க்கை தொடவே இல்ல. ஸ்பிரிங் லேக் அரை மணி நேர டிரைவ்தான், வாலண்டியர்னு பேர் குடுத்தா வாரா வாரம் காசில்லாம டைவ் அடிக்கலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். நிஜமா?

உங்க ஃப்ரெண்ட் பாதி நிஜம் சொல்லியிருக்கார். அந்த ஏரி டெக்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியோட இடம், மெடோஸ் சென்டர்னு அவங்களோட தண்ணீர் ஆராய்ச்சி மையம் அதை பார்த்துக்குது. நினைச்சப்ப டேங்க்கை மாட்டிக்கிட்டு குதிக்கிற இடம் இல்ல அது. கையில சர்ட்டிஃபிகேட் இருக்கணும், டைவ் கணக்கு எழுதற லாக் புக்ல டைவ் ஏறியிருக்கணும், அதுக்கு மேல அவங்க நடத்துற ரெண்டு நாள் பயிற்சி ஒண்ணு இருக்கு, டைவ் ஆதரைசேஷன் கோர்ஸ்னு பேரு, அதை முடிச்சாதான் இறங்க விடுவாங்க. எந்த உயிரினம் எங்க இருக்கும், எதை தொடக்கூடாது, மண்ணைக் கிளப்பாம எப்படி மிதக்கிறதுன்னு எல்லாம் அதுலதான் சொல்லித்தருவாங்க. மூணு வருஷமா தண்ணில இறங்காத ஆளு நேரா அங்க போய் நிக்காதீங்க, முதல்ல ஏதாவது டைவ் கடைல ரிஃப்ரெஷர் ஒண்ணு எடுத்துட்டு, நாலஞ்சு டைவ் அடிச்சுட்டு, அப்புறம் போங்க. இன்னொண்ணு, அங்க போறது மீன் பார்க்கிறதுக்கு இல்ல, வேலை பார்க்கிறதுக்கு. மீன் தானா வந்து உங்களை பார்க்கும், அது வேற விஷயம்.

கேள்வி: வேலை வேலைன்னு எழுதறீங்க, தண்ணிக்குள்ள அப்படி என்னதான் வேலை? பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்குறதா?

பாட்டில் கிடைச்சா எடுப்போம், ஆனா அது முக்கியம் இல்ல. இது தோட்ட வேலைங்க. தண்ணிக்கு அடியில களை எடுப்பு, அவ்வளவுதான்.

அந்த ஏரிக்கு அடியில 200க்கு மேல ஊத்துக்கண் இருக்கு. சுண்ணாம்புப் பாறை வெடிப்பு வழியா எட்வர்ட்ஸ் அக்விஃபர்ங்கிற நிலத்தடி நீர்தான் அந்தக் கண்ணுங்க வழியா மேல வருது. சில இடத்துல பாறை இடுக்குல இருந்து சத்தமே இல்லாம வரும், சில இடத்துல அடிமணலைத் தூக்கிக்கிட்டு கொப்புளிச்சு வரும். கிரீம் ஆஃப் வீட்னு ஒரு ஊத்துக்குப் பேரே வச்சிருக்காங்க, பார்த்தா அடுப்புல ரவைக் கஞ்சி தளதளன்னு கொதிக்கிற மாதிரியேதான் இருக்கும். முதல் தடவை அதுக்கு எதிர்ல மிதந்தப்ப டேங்க்ல காத்து எவ்வளவு மிச்சம்னு காட்டுற கேஜை நான் பார்க்கவே மறந்துட்டேன், கூட ஜோடியா இறங்கின டைவர், 'பட்டி'ன்னு (buddy) சொல்வோம், அவர் தோள்ல தட்டினதுக்கு அப்புறம்தான் நினைப்பு வந்துச்சு.

இந்தக் கண்ணுங்க மேல வண்டல் படியும், பாசி மூடும், சுத்தியிருக்கிற செடி வளர்ந்து சாஞ்சு அமுக்கும். கால்ல மாட்டியிருக்கிற ஃபின்னையும் (நீந்தற துடுப்பு) கையையும் விசிறி மாதிரி மெதுவா ஆட்டி அந்த வண்டலை நீரோட்டத்துல தள்ளிவிடறது ஒரு வேலை. அடுத்தது வெட்டறது. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு, நம்ம இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அரசாங்கம் ஒத்துக்கிட்ட பாதுகாப்புத் திட்டத்துல ஊத்துக்கண்ணைச் சுத்தி வட்டம் வட்டமா அளவு எழுதியிருக்காங்க: கண்ணுல இருந்து ஒன்றரை மீட்டர் வரைக்கும் செடியை சுத்தமா எடுத்துடணும், அதுக்கு அடுத்த ஒன்றரை மீட்டர்ல 30 சென்டிமீட்டர் உயரம் விட்டு நறுக்கணும், அதுக்கும் வெளிய மூணு மீட்டர்ல ஒரு மீட்டர் உயரம் விடணும். பார்பர் ஷாப்ல ஃபேடு (fade) கட்னு சொல்வாங்களே, அதேதான். வாரத்துக்கு ஒரு அஞ்சு ஊத்துன்னு முறை வச்சு, ரெண்டு மூணு வாரத்துல பழைய ஊத்துக்கே திரும்பி வருவாங்க, ஏன்னா அதுக்குள்ள செடி மறுபடி நின்னுடும். வருஷம் முழுக்க 22 டிகிரி, அதாவது 72 ஃபாரன்ஹீட்ல கண்ணாடி மாதிரி தண்ணி, மேல டெக்சாஸ் வெயிலு, செடி வளராம என்ன செய்யும் சொல்லுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரரும் இந்த கோஷ்டிலதான் இருக்கார். வீட்ல ஒரு தட்டைக் கழுவ மாட்டார், அங்க போய் பாறைக்கு பாசி தேய்க்கிறார். இதுக்கு என்ன பதில் சொல்றீங்க? (பேர் வேணாம், சான் ஆன்டோனியோ)

நீங்க யார் வீட்டம்மான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா. அவர் என்னோட பட்டி, அதனால நான் சாட்சி சொல்றதா இல்ல. அங்க சிங்க்ல பாத்திரம் குமியாது, மூச்சு விடற ரெகுலேட்டர் வாய்ல இருக்கிறதால எதிர்ப்பேச்சும் பேச முடியாதுங்கிறது மட்டும் உண்மை.

கேள்வி: இயற்கையை இயற்கையா விட வேண்டியதுதானே? செடி வளர்ந்தா வளரட்டும், மனுசன் எதுக்கு உள்ள போய் வெட்டணும்? பாதுகாப்புங்கிற பேர்ல இதுவும் ஒரு தலையீடுதானே?

வந்த கடிதத்துலயே நல்ல கேள்வி இதுதான். நானும் ஆரம்பத்துல இதைக் கேட்டவன்தான்.

ஆனா அந்த ஏரியே இயற்கை இல்லைங்களே. ஊத்துதான் இயற்கை. எட்வர்ட் பர்லசன்ங்கிறவர் 1849ல மில் ஓட்டறதுக்காக ஆத்தோட தலைமாட்டுல ஒரு அணையைப் போட்டார், அப்ப தேங்கினதுதான் இந்த ஏரி. அதுக்கு முன்னாடி ஊத்துல இருந்து வந்த தண்ணி அப்படியே வேகமா ஆறா ஓடியிருக்கும், வண்டலை அதுவே அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும். தேக்கி வச்சப்புறம் வேகம் போச்சு, மண்ணு படியுது, செடி கூடுது. அப்புறம் 1926ல ரோஜர்ஸ்னு ஒருத்தர் இடத்தை வாங்கினார், அந்தக் குடும்பம் ஹோட்டல் கட்டி, அடியில கண்ணாடி வச்ச படகு விட்டு, அக்வரீனான்னு ஒரு தீம் பார்க்கே நடத்தினாங்க. தண்ணிக்குள்ள அமுங்குற தியேட்டர் ஒண்ணு, அதுல ஜனங்க உக்காந்து கண்ணாடி வழியா பார்ப்பாங்க, வெளிய கடல்கன்னி வேஷத்துல பொண்ணுங்க தண்ணிக்குள்ளயே சாப்பிட்டுக் காட்டுவாங்க, ரால்ஃப்னு ஒரு பன்னிக்குட்டி டைவ் அடிச்சு நீந்தும். பன்னிதான் ஸ்டார். 1994ல யுனிவர்சிட்டி வாங்குச்சு, ரெண்டு வருஷத்துல பார்க்கை மூடிட்டாங்க, 2012 வாக்குல அந்த தியேட்டரையும் பழைய கட்டடங்களையும் பிரிச்சு எடுத்துட்டு கரையை மறுபடி செடி நட்டு சரி பண்ணாங்க.

அப்ப 160 வருஷத்துக்கு மேல மனுசன் கை வச்ச இடம். இதுக்கு நடுவுலயும் உலகத்துல வேற எங்கயும் பெரிசா இல்லாத ஜீவன்கள் அங்க தாக்குப்பிடிச்சு நிக்குது. சான் மார்க்கோஸ் சாலமாண்டர், ரெண்டு அங்குலம் இருக்கும், சாகிற வரைக்கும் செவுளை வெளிய வச்சுக்கிட்டு தண்ணிக்குள்ளயே இருக்கும், ஊத்துக்கண் பக்கத்துல இருக்கிற பாறை, ஜல்லி, பாசிக்கு நடுவுலதான் அதுக்கு வீடு. ஃபவுண்டன் டார்ட்டர்னு ஒரு அங்குல மீனு. கீழ ஆத்துல டெக்சாஸ் வைல்ட் ரைஸ்னு ஒரு காட்டு நெல்லு, சான் மார்க்கோஸ் ஆத்தோட மேல் பகுதியில மட்டும்தான் இருக்கு. இன்னொரு ஜீவன் டெக்சாஸ் பிளைண்ட் சாலமாண்டர், கண்ணே கிடையாது, வெள்ளையா இருக்கும், அக்விஃபருக்குள்ள இருட்டுலயே வாழறது, டைவர்ஷன் ஸ்பிரிங்னு ஒரு ஊத்து வழியா தவறி மேல வந்துடும், அதுக்கு அங்க வலை கட்டி வச்சிருக்காங்க. ஊத்துக்கண்ணை வண்டல் மூடினா ரெண்டு அங்குல சாலமாண்டருக்கு வீடு போச்சு. "விட்டுடலாம்"னு சொல்ற உரிமை அந்த அணை கட்டினப்பவே போயிடுச்சுங்கிறது என் கட்சி. நீங்க ஒத்துக்கலைன்னா எழுதுங்க, போடறேன்.

கேள்வி: நான் கடல்ல 60 டைவ் முடிச்சவன். ஏரி ஆழம் முப்பது அடிதானாமே. இதுக்கு எதுக்கு ரெண்டு நாள் கிளாஸ்?

அறுபது டைவ் முடிச்சுட்டுதான் நானும் போனேன். கேளுங்க கதையை.

உப்புத் தண்ணி நல்ல தண்ணியை விட ரெண்டரை சதவீதம் கனம். அதனால கடல்ல நம்மளை மேல தள்ளும், அதை அமுக்க வெயிட் பெல்ட்டுல கூடுதலா ஈயம் கட்டுவோம். ஆளும் சாமானும் சேர்ந்து நூறு கிலோன்னா நல்ல தண்ணியில ரெண்டு ரெண்டரை கிலோ குறைச்சுக்கணும், புத்தகத்துல படிச்சிருக்கேன், பரீட்சைல எழுதியிருக்கேன். அன்னிக்கு காலைல கடல் கணக்குக்கு கட்டின பெல்ட்டை அப்படியே எடுத்துக் கட்டிக்கிட்டு இறங்கிட்டேன். கல்லு மாதிரி போய் முட்டி போட்டு உக்காந்தேன் சார், அடியில. பஞ்சு மாதிரி வண்டல், ஒரே புகை. பதட்டத்துல ஃபின்னை உதைச்சேன், இன்னும் புகை. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி காப்பித்தண்ணி ஆயிடுச்சு, என் பட்டியைக் காணோம், மேல கண்ணாடிப் படகு ஒண்ணு வேற வந்துட்டு இருந்துச்சு. அதுல உக்காந்திருந்த குழந்தைங்க அன்னிக்கு பார்த்தது பூரா நான் கிளப்பின மண்ணுதான். ட்ரெயினர் திட்டல. ஸ்லேட்ல "இது யாரோட வீடு தெரியுமா"ன்னு எழுதிக் காட்டினார், திட்டியிருந்தாலே தேவலைன்னு இருந்துச்சு.

ஆழம் கம்மிங்கறதுதான் அங்க கஷ்டமே. மேல் முப்பது அடியிலதான் மூச்சு இழுத்து விடறதுக்குள்ள மிதப்பு ரொம்ப மாறும். அதுல தலைகீழா சாஞ்சு, முகம் அடிமட்டத்துல இருந்து ஒரு முழம், காலு மேல, ஒரு கையில கத்தி, இன்னொரு கையில செடி, எதுலயும் சாயாம, எதையும் பிடிக்காம, முக்கால் மணி நேரம் நிக்கணும். கடல்ல அழகா சுத்தி வர்றவங்க நிறையப்பேருக்கு இந்த 'நிக்கிறது' வராது. தவளை உதை பழகிக்கோங்க, பின்னாடி போற உதையும் பழகிக்கோங்க, தொங்கற ஹோஸ், கேஜ் எல்லாத்தையும் கிளிப் போட்டு ஒட்ட வச்சுக்கோங்க. அறுபது டைவ்ல இதை செஞ்சிருந்தீங்கன்னா ரெண்டு நாள் கிளாஸ் உங்களுக்கு ஈஸிதான்.

கேள்வி: பாம்பு, முதலை?

ஆமை உண்டு, கார்னு (gar) நீள மூக்கு மீனு உண்டு, பாஸ் மீனு உண்டு. நாம மண்ணைக் கிளறினா புழு பூச்சி கிளம்பும்னு தெரிஞ்சுக்கிட்டு சின்ன சன்ஃபிஷ் எல்லாம் பின்னாடியே வந்து காதைக் கொத்தும், உழவு மாட்டுக்குப் பின்னாடி கொக்கு வர்ற மாதிரி. ஹூடு போட்டுக்கோங்க.

கேள்வி: அடியில அம்பு முனை, பழைய எலும்பெல்லாம் கிடைக்குதாமே? ஒண்ணு கண்ணுல பட்டா ஞாபகத்துக்கு வச்சுக்கலாமா?

கூடாது. எடுக்கக் கூடாதுங்கிறது மட்டும் இல்ல, திருப்பிப் பார்க்கவும் கூடாது. எந்த மண்ணு அடுக்குல, எதுக்குப் பக்கத்துல கிடக்குதுங்கறதுலதான் அதோட வயசே இருக்கு, எடுத்துட்டா அது வெறும் கல்லு. ஜோயல் ஷைனர்னு ஒரு தொல்லியல் பேராசிரியர் 1970கள் கடைசியில ஆரம்பிச்சு தண்ணிக்கு அடியிலயே அங்க அகழாய்வு பண்ணார், கிளோவிஸ்னு சொல்ற அமெரிக்க ஆதி மனுசங்க காலத்து அம்பு, ஈட்டி முனைங்க கிடைச்சுது, அதெல்லாம் சுமார் 13,000 வருஷப் பழசு. மம்மத், மாஸ்டடான்னு அழிஞ்சுபோன யானை ஜாதிங்களோட எலும்பும் கிடைச்சிருக்கு. வத்தாத தண்ணி இருந்த இடத்துல மனுசன் இல்லாம இருப்பானா. கோவாவில்டெக்கன்னு அந்தப் பக்கத்துப் பூர்வகுடி ஜனங்களுக்கு அது கோயில் மாதிரிங்க, அவங்க முன்னோர் இந்த ஊத்து வழியாத்தான் பூமிக்கு வந்தாங்கன்னு அவங்க சிருஷ்டிக் கதை. கோயில் குளத்துல இருந்து எதையாவது பாக்கெட்ல போட்டுக்கிட்டு வருவீங்களா? ஏதாவது கண்ணுல பட்டா இடத்தை மனசுல குறிச்சுக்கிட்டு மேல வந்து பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: தண்ணி குளிருமா?

இறங்கறப்ப ஜிலுஜிலுன்னு சுகமா இருக்கும். 22 டிகிரிதானேன்னு மெலிசா போட்டுக்கிட்டுப் போனீங்கன்னா அரை மணியில பல்லு தந்தியடிக்கும், ஏன்னா நீந்தாம ஒரே இடத்துல நிக்கிறோம், காத்தை விட தண்ணி இருபது மடங்குக்கு மேல வேகமா உடம்புச் சூட்டை உறிஞ்சும். அஞ்சு மில்லிமீட்டர் கனத்துல வெட்சூட் போடுங்க, வெயில் காலம்னாலும்.

கேள்வி: டெக்சாஸ்ல வறட்சி வறட்சின்னு நியூஸ்ல சொல்றாங்க. ஊத்தே வத்திட்டா நீங்க களை எடுத்து என்ன பிரயோஜனம்?

குத்தலா கேட்டாலும் சரியா கேட்டிருக்கீங்க. மேட்டூருக்கு வினாடிக்கு இத்தனை கன அடின்னு தினம் பேப்பர்ல பார்த்து வளர்ந்தவங்கதானே நாம, அதே கணக்குல சொல்றேன். சான் மார்க்கோஸ் ஊத்து சராசரியா வினாடிக்கு 170 கன அடி சுமாருக்கு வரும். 1950கள்ல ஒரு கடும் வறட்சி, 1956ல அது 46 கன அடிக்கு இறங்குச்சு, ஆனா நிக்கல. பக்கத்துல நியூ பிரான்ஃபெல்ஸ்ல கொமல் ஊத்து, டெக்சாஸ்லயே பெருசு, இதை விட மேட்டுல இருக்கு, அது அந்த வருஷம் நாலு மாசத்துக்கு மேல முழுசா வத்திடுச்சு. அங்க இருந்த ஃபவுண்டன் டார்ட்டர் பூண்டோட போச்சு, அப்புறம் 1970கள்ல சான் மார்க்கோஸ்ல இருந்து புடிச்சுட்டுப் போய்த்தான் மறுபடி விட்டாங்க. அதாவது ஒரு ஊத்து தப்பிச்சதால இன்னொரு ஊத்துக்கு விதை கிடைச்சுது.

தப்பிக்காததும் உண்டு. சான் மார்க்கோஸ் கம்பூசியான்னு ஒரு சின்ன மீனு, கடைசியா 1983ல பார்த்தது, 2023ல அழிஞ்சு போச்சுன்னு எழுதி, அழியற நிலையில இருக்கிற உயிரினங்க லிஸ்ட்ல இருந்தே எடுத்துட்டாங்க.

ஊத்துல எவ்வளவு தண்ணி வரும்ங்கறது எங்க கத்தியில இல்லைங்க, சான் ஆன்டோனியோ சுத்துவட்டாரத்துல போர் போட்டு எவ்வளவு உறிஞ்சறாங்கங்கறதுல இருக்கு. ஆளாளுக்கு உறிஞ்சிட்டு இருந்தாங்க, சியரா கிளப்னு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு கேஸ் போட்டு, 1993ல கோர்ட்டு ஊத்துக்குத் தண்ணி விட்டே ஆகணும்னு சொன்னப்புறம்தான் உறிஞ்சறதைக் கட்டுப்படுத்த எட்வர்ட்ஸ் அக்விஃபர் அதாரிட்டின்னு ஒண்ணு வந்துச்சு. இப்ப ஜே-17ன்னு ஒரு அளவுக் கிணறு சான் ஆன்டோனியோல இருக்கு, அதுல தண்ணி மட்டம் (கடல்மட்டத்துக்கு மேல இத்தனை அடின்னு கணக்கு) 660 அடிக்குக் கீழ போனா எல்லாரும் உறிஞ்சறதைக் குறைச்சாகணும். வீட்டுக்கு முன்னாடி புல்லுக்கு இந்த வாரம் தண்ணி விடக்கூடாதுன்னு நோட்டீஸ் வர்றப்ப எரிச்சல் படறீங்களே, அந்தத் தண்ணிதான் எங்க தலைக்குக் கீழ கஞ்சி கொதிக்குது. நான் ஒரு வருஷம் பூரா களை எடுத்து செய்யறதை விட அந்த ஊர்க்காரங்க ஸ்பிரிங்க்ளரை மூடி வச்சா அதிகம் நடக்கும். இதைத் தெரிஞ்சுதான் களை எடுக்கிறோம். வர்ற தண்ணி வர்ற வாசல்ல அடைப்பு இல்லாம இருக்கட்டுமேன்னு.

கேள்வி: கேனியன் லேக்ல டைவ் அடிச்சுட்டு மறுநாளே ஸ்பிரிங் லேக் வரலாமா? ரெண்டும் பக்கம்தானே.

தூரம் பக்கம்தான், ஆனா கேனியன் லேக்ல 2017ல இருந்து சீப்ரா மஸல் இருக்கு. சிப்பிதான், விரல் நகம் சைஸு, அதோட குஞ்சு கண்ணுக்கே தெரியாது. மிதப்புக்குக் காத்து ஊதற உங்க பிசிடி ஜாக்கெட் உள்ள ரெண்டு மடக்கு தண்ணி நின்னா போதும், அதுல குடித்தனம் வரும். ஊத்து ஏரிக்குள்ள அது புகுந்தா யாராலயும் திருப்பி எடுக்க முடியாது, ஏற்கனவே மீன்தொட்டியில வளர்த்து சலிச்சுப்போன புண்ணியவான்கள் கொண்டாந்து விட்ட நத்தையும் சக்கர் மீனும் போதாதா. ஜாக்கெட்டைத் தலைகீழாப் பிடிச்சு உள்தண்ணியை வடிச்சுட்டு, எல்லாத்தையும் கழுவி, எலும்பு காயற மாதிரி காய வச்சுட்டு வாங்க. மறுநாள் வேணாம். நான் ஸ்பிரிங் லேக்குக்குன்னே ஒரு செட்டு பூட்ஸும் கிளவுஸும் தனியா வச்சிருக்கேன், வீட்ல அதுக்கும் பேச்சு வாங்கறேன்.

கேள்வி: மதுரைல இருந்து எழுதறேன் தம்பி. மகனைப் பார்க்க டெக்சாஸ் வர்றோம், மூணு வாரம்தான். எனக்கு வயசு 66, டைவ் எல்லாம் ஆகாது. பேரனுக்கு 15 வயசு, போன வருஷம்தான் ஸ்கூபா சர்ட்டிஃபிகேட் வாங்கினான், உள்ள இறங்கணும்னு துடிக்கிறான். ஏற்பாடு பண்ண முடியுமா?

ஐயா, வாலண்டியர் வேலைக்கு பேரன் இன்னும் கொஞ்சம் பொறுக்கணும். கடல்லயோ வேற ஏரியிலயோ நிறைய டைவ் அடிச்சு நிதானம் வரட்டும், யுனிவர்சிட்டி வயசு வந்தப்புறம் மெடோஸ் சென்டர்ல விசாரிக்கச் சொல்லுங்க. நீச்சல் அடிக்கணும்னு ஆசையா இருந்தா ஏரியில முடியாது, ஆனா அதே ஊத்துத்தண்ணி அணையைத் தாண்டி ஆறா ஓடுற இடத்துல, யுனிவர்சிட்டி பக்கத்துல சூவல் பார்க்னு இருக்கு, அங்க இறங்கலாம், காட்டு நெல்லை மட்டும் மிதிக்காம. இந்த ட்ரிப்ல வேற எங்கயாவது அவன் டைவ் அடிச்சான்னா, ஊருக்குத் திரும்பற ஃப்ளைட்டுக்கு 18 மணி நேரம் முன்னாடி கடைசி டைவ் முடிஞ்சிருக்கணும்னு அவன் அப்பாகிட்ட சொல்லி வைங்க, கிளம்பற அவசரத்துல மறந்துடுவாங்க.

நீங்க குடும்பத்தோட கண்ணாடிப் படகுல போங்க ஐயா, இப்பவும் ஓடுது. உங்க முட்டிக்கும் தொந்தரவு இல்ல, குனிஞ்சா போதும். காலை வெயில் சாய்வா விழுறப்ப போனீங்கன்னா ஊத்து மணல் ஆடறது அடி வரைக்கும் தெரியும். கீழ கறுப்பு வெட்சூட் போட்டுக்கிட்டு தலைகீழா ஒரு ஆளு செடி நறுக்கிட்டு இருந்தா, கண்ணாடியைத் தட்டாதீங்க, மேல இருந்து கை காட்டச் சொல்லுங்க பேரனை. நாங்க கையை எடுக்க முடியாது, எடுத்தா சாஞ்சுடுவோம். அதுக்குப் பதிலா ஒரு பெரிய மூச்சு விடுவேன், குமிழி வந்து கண்ணாடியில முட்டும்.